நொய்யலுக்கு எந்தச் சட்டம் காவல்? ஆற்று நீர்வடிப்பகுதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆற்றைக் காப்பாற்ற என்ன சட்டம் இருக்கிறது என்று கேட்டால் அனுபவப்பட்ட வக்கீல்கூட ஒரே பெயரில் பதில் சொல்ல மாட்டார். ஏழெட்டுச் சட்டங்கள், அதே அளவுக்குத் துறைகள், நடுவில் ஆறு. பொதுவாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது. அதனால் இங்கே நொய்யலை எடுத்துக்கொள்வோம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரிலேயே காவிரியில் சேர்கிற ஆறு. நீளம் 160 கிலோமீட்டருக்கு மேல். சட்டங்கள் எங்கே வேலை செய்தன, எங்கே படுத்துவிட்டன என்று பார்க்க இதைவிடத் தோதான ஆறு தமிழ்நாட்டில் இல்லை.

நீர்வடிப்பகுதி என்றால் என்ன? ஆற்றங்கரை மட்டும்தானா?

இல்லை. எந்த நிலத்தில் விழுந்த மழை கடைசியில் நொய்யலுக்கு வந்து சேர்கிறதோ அந்த நிலம் முழுக்க நொய்யலின் நீர்வடிப்பகுதி. மலைச்சரிவு, காடு, தோட்டம், தெரு, உங்கள் வீட்டு மொட்டைமாடி எல்லாம் அதில் சேரும். கோவை நகரத்துக்குள் சாக்கடை என்று நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டும் சங்கனூர் பள்ளமும் நொய்யலின் கிளைதான். தடாகம் பக்கத்து மலையில் விழும் மழையை அதுதான் கொண்டுவந்து சேர்க்கிறது. கொங்கு நாட்டில் 'பள்ளம்' என்றால் குழி இல்லை, ஓடை. இந்த ஒரு சொல் புரியாமல் வெளியூர்க்காரர்கள் பள்ளத்தை மூடி மனை போட்ட கதைகள் உண்டு.

இந்தப் பரப்பு முழுவதையும் காக்க ஒரு தனிச் சட்டம் இருக்கிறதா?

நொய்யலுக்கு இல்லை. நெருங்கி வந்த ஒன்று 1956-ஆம் ஆண்டின் நதி வாரியச் சட்டம். மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறுகளுக்கு வாரியம் அமைக்கலாம், மண் அரிப்பு, மாசு, வெள்ளம் பற்றியெல்லாம் அது ஆலோசனை சொல்லலாம் என்றது அந்தச் சட்டம். அதன் கீழ் இன்றுவரை ஒரு வாரியம்கூட அமைக்கப்படவில்லை. 2018-இல் அதற்குப் பதிலாக ஆற்றுப் படுகை மேலாண்மை மசோதா என்று ஒரு வரைவு வந்தது. 13 படுகைகளுக்குத் தனித்தனி ஆணையம் என்பது திட்டம். வரைவாகவே நின்றுவிட்டது.

காரணம் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. தண்ணீர் மாநிலப் பட்டியலில் 17-ஆவது இனம். மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறுகளை ஒழுங்குபடுத்துவது மத்தியப் பட்டியலில் 56-ஆவது இனம். மத்திய அரசு ஒரு அடி எடுத்து வைத்தாலும் 'எங்கள் அதிகாரத்தில் கை வைக்கிறீர்கள்' என்று மாநிலங்கள் கேட்கும். கேட்பது நியாயம்தான். ஆனால் நொய்யல் பிறப்பதும் முடிவதும் தமிழ்நாட்டுக்குள். இதற்கு ஒரு படுகைச் சட்டம் போட யாரையும் கேட்க வேண்டியதில்லை. சென்னையிலிருந்தும் அப்படி ஒன்று வரவில்லை என்பதால், டெல்லியை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் நொய்யலில் எந்த இடத்தில் எந்தச் சட்டம்?

மேலிருந்து இறங்கி வருவோம். வெள்ளியங்கிரிச் சரிவில் காப்புக்காடு. அங்கே 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டமும் 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டமும். வனத்துறை வேலியைத் தாண்டினால் அடிவாரக் கிராமங்கள். இவற்றில் பல, மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ளவை. 1990-இல் அமைத்த குழுமம் இது. ஊர்க்காரர்கள் 'ஹாக்கா' என்றே சொல்வார்கள். அங்கே பெரிய கட்டடம், மனைப்பிரிவு எதுவானாலும் இதன் அனுமதி வேண்டும். மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம். செம்மண் அள்ளினால் கனிமவளத் துறை.

சமவெளிக்கு வந்ததும் ஆறு வருவாய்த் துறையின் நிலப் பதிவேட்டுக்குள் நுழைகிறது. இனி அது 'ஆறு புறம்போக்கு', 'ஓடை புறம்போக்கு', 'வாய்க்கால் புறம்போக்கு'. தடுப்பணை, ராஜவாய்க்கால், குளம் என்றால் நீர்வளத் துறை. 2021 வரை இது பொதுப்பணித் துறைக்குள் இருந்தது. நகரத்துக் குளம் என்றால் மாநகராட்சி. ஆற்றில் விடும் கழிவு என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். மணல் என்றால் மறுபடியும் கனிமவளம்.

ஒரே மழைத்துளி இத்தனை கை மாறுகிறது. ஒரு துறைக்காரர் பக்கத்துத் துறையின் எல்லைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண் தோண்டியதைக் கனிமப் பிரச்சினையாக மட்டும் பார்த்ததால்தான், அங்கே ஓடைகள் தடம் மாறிப் போனது வெகுநாள் யார் கணக்கிலும் வரவில்லை. உரிமம் இல்லாத செங்கல் சூளைகளை 2021-இல் மூடினார்கள். தோண்டிய குழிகள் அப்படியே கிடக்கின்றன.

வருடத்தில் பத்து நாள்கூடத் தண்ணீர் ஓடாத ஓடை. அதுவும் சட்டத்தில் ஓடைதானா?

சந்தேகமே வேண்டாம், ஓடைதான். 1974-ஆம் ஆண்டின் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் 'நீரோட்டம்' என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். ஆறு மட்டும் இல்லை. ஓடிக்கொண்டிருந்தாலும் தற்சமயம் வறண்டு கிடந்தாலும் எல்லா நீர்வழியும் அதில் அடக்கம். இயற்கையோ செயற்கையோ உள்நாட்டு நீர்நிலை எல்லாம் அடக்கம். நிலத்தடி நீரும் அடக்கம். காய்ந்த பள்ளத்தில் கழிவைக் கொட்டிவிட்டு 'இங்கே ஏது ஆறு' என்று கேட்க முடியாது. ஆழ்துளைக் கிணற்றுக்குள் கழிவை இறக்கினாலும் அதே குற்றம்.

வருவாய்க் கணக்கிலும் அப்படித்தான். புலப்பட நகலை, அதாவது நிலத்தை அளந்து வரைந்த படத்தின் நகலை, ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். ஒரு புல எண்ணின் ஓரத்தில் இரண்டு கோடுகள் வளைந்து வளைந்து போகும். நடுவே 'ஓடை' என்று எழுதியிருக்கும், அகலம் குறித்திருக்கும். நான் ஒருமுறை அப்படி ஒரு நகலோடு நேரில் போய் நின்றேன். கோடு காட்டிய இடத்தில் ஒரு காம்பவுண்டுச் சுவர், அதன் அடியில் ஒன்றரை அடி சிமென்ட் குழாய். "ஓடைக்கு வழி விட்டுத்தானுங்க கட்டியிருக்கோம்" என்றார் வாசலில் இருந்தவர். காகிதத்தில் பத்து மீட்டர் அகலமுள்ள ஓடை அந்தக் குழாய்க்குள் போக வேண்டுமாம்.

திருப்பூர் சாயப்பட்டறை வழக்கில் உண்மையில் என்ன நடந்தது?

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பருத்தித் துணிக்குச் சாயம் ஏற வேண்டுமானால் சாயத்தொட்டியில் உப்பு நிறையப் போட வேண்டும். கழிவுநீரில் நிறத்தை எடுத்துவிடலாம், கரைந்த உப்பு அவ்வளவு எளிதில் போகாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விதிப்படி ஆற்றில் விடும் நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. திருப்பூர் பட்டறைகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள். நிறம் குறைந்தது, உப்பு அப்படியே போனது. 1992-இல் திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காக அணை கட்டி முடித்தார்கள். அதில் வந்து சேர்ந்தது சாயத்தண்ணீர். தேக்கி வைத்தால் சுற்றியுள்ள கிணறுகள் உப்பாயின. திறந்துவிட்டால் கீழே கரூர் வரை வயல் கெட்டது. பாசன அணையைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே மனு கொடுத்தது இங்கேதான்.

வழக்குப் போட்டவர்களும் அந்தக் கீழ்மடை விவசாயிகள்தான். நொய்யல் ஆயக்கட்டுதாரர்களின், அதாவது ஆற்றுப் பாசன நிலக்காரர்களின், சங்கம் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. 2007 ஜூலை முடிவதற்குள் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வராத நிலைக்கு வர வேண்டும், அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம் கட்ட வேண்டும். லிட்டருக்கு 6 பைசா, பிறகு 8, பிறகு 10. பட்டறை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று 2009 அக்டோபரில் அங்கேயும் தீர்ப்பு வந்தது. அப்போதும் சொன்னபடி நடக்கவில்லை. அவமதிப்பு வழக்கு வந்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடு, மின் இணைப்பைத் துண்டி என்றது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. திருப்பூர் திணறியது. பனியன் கம்பெனித் தொழிலாளிக்கு அந்த மாதங்கள் எப்படிப் போயின என்பதை ஆற்றுக்காகப் பேசுகிறவர்கள் மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

பிறகு அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. சவ்வூடு வடிகட்டி, ஆவியாக்கிக் கொதிகலன், உப்பைத் திரும்ப எடுத்துத் தொட்டிக்கே அனுப்புவது என்று தொழில்நுட்பம் மாறியது. இன்று திருப்பூரில் பெரும்பாலும் இந்த முறைதான். எதற்கும் மறுபயன் இல்லாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாய்க் கிடங்குகளில் சேர்வது தனிக்கதை.

இத்தனைக்கும் அடிப்படை புதிய சட்டம் எதுவும் இல்லை. 1974-ஆம் ஆண்டின் அதே சட்டம். நீரோட்டத்தில் கழிவு விடாதே என்ற 24-ஆம் பிரிவும், மூடச் சொல்லும் 33ஏ பிரிவும் அதில் ஏற்கெனவே இருந்தன. பாதிக்கப்பட்டவன் விடாமல் நின்றபோதுதான் அவை அசைந்தன.

ஆற்றிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் தொழிற்சாலை வைக்கக் கூடாது என்கிறார்களே, அது சட்டமா?

அரசாணை. 1989-இல் வந்த 213-ஆம் எண் ஆணை, மாசு அதிகமுள்ள தொழில்களை ஆறுகள், அணைகளிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் தொடங்கத் தடை போட்டது. 1998-இல் வந்த 127-ஆம் எண் ஆணை காவிரியும் துணையாறுகளும், பாலாறு, வைகை, தாமிரபரணி போன்றவற்றுக்கு அதை 5 கிலோமீட்டராக்கியது. நொய்யல் காவிரியின் துணையாறு என்பதால் இதற்குள் வரும். புதிதாகத் தொடங்கும் ஆலையைத் தடுக்க நல்ல ஆயுதம். ஏற்கெனவே இருப்பதை இது நகர்த்தாது. சட்டமன்றம் நிறைவேற்றியது இல்லை என்பதால் இன்னொரு அரசாணையில் தளர்த்திவிடவும் முடியும்.

எங்கள் ஊர்க் குளத்துக்கு 2007-ஆம் ஆண்டு ஏரிப் பாதுகாப்புச் சட்டம் பொருந்துமா?

குளம் யார் கையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, குளம், கண்மாய்கள். அவற்றில் 14,000-ஐ ஒட்டியவை பொதுப்பணித் துறையிடம் இருந்தவை, இன்று நீர்வளத் துறையின் கீழ். 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இவற்றுக்குத்தான். ஏரியை அளந்து, வரைபடம் வெளியிட்டு, எல்லைக்கல் நட்டு, ஆக்கிரமிப்பாளருக்கு நோட்டீஸ் கொடுத்து அகற்றும் முறையைச் சொல்கிறது.

ஊராட்சி ஒன்றியத்துக் குளம் என்றால் 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம்தான் கைகொடுக்கும். 7-ஆம் பிரிவில் நோட்டீஸ், 6-ஆம் பிரிவில் அகற்றும் உத்தரவு. பழைய சட்டம், ஆனால் பல் கூர்மையானது. 2007 சட்டத்தில் வராத நீர்நிலைகளில் இருக்கும் ஆக்கிரமிப்புக்கும் பாதுகாப்பு கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2015-இல் தெளிவாக்கிவிட்டது.

இங்கே ஒரு வேடிக்கை. ஆக்கிரமிப்பாளருக்கு அபராதம் போடும்போது கொடுக்கும் தாளுக்கு 'பி மெமோ' என்று பெயர். தண்டனைக்கான தாள் அது. அதையே வருடக்கணக்கில் சேர்த்து வைத்து, 'பாருங்கள், இத்தனை வருடமாக நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்' என்று உரிமைக்குச் சான்றாக நீட்டுபவர்கள் உண்டு. வீடில்லாத ஏழை அப்படிச் செய்தால் எனக்குப் புரிகிறது. மாற்று இடம் கொடுக்காமல் அவரை மட்டும் கிளப்பிவிட்டு, அதே ஏரியில் நிற்கும் அரசு கட்டடத்தைத் தொடாமல் விட்டால் யாரும் சட்டத்தை மதிக்க மாட்டார்கள்.

ஈரநில விதிகளில் குளங்கள் வராதா?

பெரும்பாலும் வராது. 2017-ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள் ஆற்றுப் பாதை, நெல் வயல், குடிநீருக்கும் பாசனத்துக்கும் மனிதர் வெட்டிய நீர்நிலை ஆகியவற்றை விலக்கி வைத்திருக்கின்றன. நம் ஊரில் எந்தக் குளம் பாசனத்துக்கு வெட்டாதது? நொய்யலின் குளங்கள் பெரும்பாலும் அணைக்கட்டிலிருந்து வாய்க்கால் பிரித்து நிரப்பியவை. பக்கத்து வீட்டுக் கேரளத்தில் 2008-லேயே நெல் வயலையும் ஈரநிலத்தையும் சேர்த்துக் காக்க ஒரு சட்டம் போட்டார்கள். அங்கேயும் சண்டை சச்சரவு உண்டு, ஆனால் வயலும் நீர்வடிப்பகுதிதான் என்று ஒப்புக்கொண்ட சட்டம் அது. நமக்கு அருகில் வருவது 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம். அது காவிரி டெல்டாவோடு நின்றுவிடுகிறது. ஆற்றின் வாலுக்குக் காவல், தலைக்கு இல்லை.

மணல்?

மணல் சிறுகனிமம். 1957-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் அதன் விதிகளை மாநிலத்திடம் விட்டிருக்கிறது. 2003-இல் மாநிலச் சிறுகனிம விதிகளில் 38ஏ விதியைக் கொண்டுவந்து ஆற்றுமணல் குவாரியை அரசே எடுத்துக்கொண்டது. ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சொன்னது. நொய்யலைப் பொறுத்தவரை இது காலம் கடந்த பேச்சு. கோவைக்கு மேலே மணல் போய்ப் பாறை தெரிகிற இடங்கள் உண்டு.

காவிரி மேலாண்மை ஆணையம் நொய்யலைப் பார்க்காதா?

பார்க்காது. 2018-இல் அமைந்த அந்த ஆணையத்தின் வேலை பங்கீடு. கர்நாடக எல்லையில் நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. வந்ததா என்று பார்ப்பது. அந்தத் தண்ணீர் எந்த நிறத்தில் இருக்கிறது, மலையில் மரம் நிற்கிறதா என்பதெல்லாம் அதன் கேள்வி இல்லை.

நிலத்தடி நீருக்கு என்ன சட்டம்?

2003-இல் ஒரு சட்டம் நிறைவேற்றினார்கள். நடைமுறைக்கே வராமல் 2013-இல் அதை ரத்து செய்தார்கள். இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

2023-இல் வந்த நில ஒருங்கிணைப்புச் சட்டத்தை ஏன் எதிர்க்கிறார்கள்?

ஓடையோ குளமோ வாய்க்காலோ உள்ளே அகப்பட்ட 100 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் பெரிய திட்டம் வந்தால், அதைச் சிறப்புத் திட்டம் என்று அறிவித்து, அந்த நீர்நிலை நிலத்தையும் திட்ட நிலத்தோடு ஒருங்கிணைக்கலாம் என்கிறது இந்தச் சட்டம். நீரின் கொள்ளளவு குறையக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. 2023 ஏப்ரலில் விவாதமில்லாமலே நிறைவேறியது. என் அச்சம் அந்த நிபந்தனையைப் பற்றியதே. குளத்தைக் கொள்ளளவாக மட்டும் பார்த்தால் ஓரிடத்தில் மூடி இன்னோரிடத்தில் தோண்டலாம். ஆனால் மழை எந்தச் சரிவில் இறங்குமோ அந்தச் சரிவில்தான் இறங்கும். புதுக் குழிக்கு வழி கேட்டு வராது.

வேறெங்காவது படுகையையே அலகாக வைத்துச் சட்டம் போட்டிருக்கிறார்களா?

பிரான்சில் 1964-இல். நாட்டை ஆறு ஆற்றுப் படுகைகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நீர் முகமை. தண்ணீர் எடுப்பவரிடமும் அழுக்காக்குபவரிடமும் கட்டணம் வாங்கி அதே படுகையில் செலவழிக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2000-இல் படுகைவாரி நிர்வாகத்தை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் கட்டாயமாக்கியது. இங்கேயும் முடியாதது இல்லை. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கங்கைக்கு 2016-இல் தனி ஆணையங்கள் அமைத்தார்கள். அதே சட்டம் நொய்யலுக்கும் பொருந்தும்.

சரி, எங்கள் ஓடையை மூடுகிறார்கள். நான் எங்கிருந்து தொடங்குவது?

சுற்றுச்சூழல் வழக்குகளைக் கேட்கும் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு நேராக ஓடாதீர்கள். முதலில் காகிதம். புலப்பட நகல், அ-பதிவேட்டின் (எந்தப் புல எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமக் கணக்கு) நகல், கிராம வரைபடம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மறுஅளவைக்கு முந்தைய நகல் கிடைத்தால் இன்னும் நல்லது. பழையதில் ஓடையாக இருந்தது புதியதில் 'தரிசு' ஆகியிருக்கும். பிறகு கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார், கோட்டாட்சியர் என்று எழுத்தில் மனு, ஒப்புகைச் சீட்டோடு. பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த மனு மேல் என்ன நடவடிக்கை என்று கேளுங்கள்.

அப்புறம் தீர்ப்பாயம். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ₹1,000. பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், காரணம் காட்டினால் மேலும் 60 நாள். இழப்பீட்டுக்கு ஐந்து வருடம். இந்த ஆறு மாதக் கணக்கில்தான் நிறைய மனுக்கள் அடிபடுகின்றன. அதனால் முதல் டிப்பர் லாரி மண் கொட்டிய அன்றே தேதி தெரியப் படம் எடுத்து வையுங்கள். ஓடைக்கு அடுத்த தோட்டத்துக்காரர் கையெழுத்தும் மனுவில் இருக்கட்டும். மழைக்குத் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்பது அவருக்குத்தான் தெரியும்.